அறுபது கோழி

முந்திலான் சந்தையில் சுகித்தோவைப் போல வேகமாகக் கோழி அறுப்பவர்கள் கிடையாது. அவன் போன வருடம் ஐந்து மாதம் கத்தியையே தொடவில்லை என்றால் இப்போது வாங்க வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

அந்த வருடத் தொடக்கத்தில் அவன் மனைவி வார்த்தினிக்கு ஆறாம் மாதம். மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கணவன் உயிர்க்கொலை செய்யக் கூடாது. பிழைப்பே அதுதான் என்றால், ஒவ்வொரு முறையும் பிஸ்மில்லாவுக்கு முன்னால் "அமித் அமித், வயித்துப் பிள்ளையே, இது உனக்கில்ல" என்று மன்னிப்புக் கேட்டுச் சொல்லிவிட்டு அறுக்க வேண்டும். சுகித்தோவும் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை கல்யாண வீட்டுக்கு அவசரமாக அறுபது கோழி. எல்லாம் முடிந்து கை கழுவும்போதுதான் உறைத்தது: ஒன்றுக்குக்கூட அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை வார்த்தினிக்கு ரத்தம் போயிற்று. பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. வெள்ளைத் துணியில் சுற்றி, வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் அவனே குழி தோண்டினான். கோழிகளைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை.

நாலைந்து மாதத்தில் அவள் மறுபடி உண்டானாள். சேதி கேட்ட அன்றே கத்தியைத் துணியில் சுற்றி கூரை ஓட்டுச் சந்தில் செருகினான். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு முட்டைக்கோஸ் விற்க உட்கார்ந்தான். கொசு கடித்தால்கூட ஊதித்தான் விரட்டினான்.

பக்கத்துக் கடை ஸ்ரீயாத்தி விடுவாளா.

"ஏன் தம்பி கோஸை அந்தத் திருகு திருகறே? அதுக்குக் கழுத்து இல்ல."

"சும்மா இருங்கக்கா."

"என் வீட்டுக்காரர் வாத்து அறுக்கறவர். நாலு பெத்தேன். நாலும் வாத்து மாதிரி கத்துதுங்களே தவிர வேற குறையில்ல."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வியாபாரத்தை அப்படியே போட்டுவிட்டு ஒரு நாளைக்கு மூன்று முறை வீட்டுக்கு ஓடினான். வாசலிலிருந்தே கேட்பான்: "அசையுதா?"

"இப்பதான் உதைச்சுது. போங்க மாஸ், கோஸ் வாடிடப் போகுது."

ஊர் வழக்கப்படி புருஷனை மாஸ் என்று கூப்பிட்டு விரட்டிவிட்டு, அவளும் வயிற்றிலிருந்து கையை எடுக்க மாட்டாள்.

ஊரின் பழைய வழக்கப்படி ஏழாம் மாதச் சடங்கு வந்தது. மன்மதன், ரதி உருவம் வரைந்த மஞ்சள் இளநீரைக் கணவன் ஒரே வெட்டில் பிளக்க வேண்டும். அன்று காலை சுகித்தோ சொன்னான், "தம்பி வெட்டட்டும்."

வார்த்தினி கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்தாள். "பிள்ளைக்கு அப்பா நீங்களா, அவனா?"

அவனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமையையும் அறுபது கோழியையும் சொல்லி முடித்தான். அவள் அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அந்தப் பிள்ளை வியாழக்கிழமையே அசையல, மாஸ்."

அவன் நிமிர்ந்தான்.

"புதன் சாயங்காலம் கடைசியா உதைச்சுது. வியாழன் பூரா கைய வச்சுக்கிட்டே கெடந்தேன். வாய்விட்டுச் சொன்னா நிஜமாயிடுமோன்னு சொல்லல. உடனே சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருப்பீங்க. நான்தான் கொன்னேன்னு இருக்கேன், இத்தன மாசமா."

"நீ எங்கடி கொன்னே?"

"அப்ப நீங்களும் இல்ல."

சுகித்தோ எழுந்துபோய் ஓட்டுச் சந்திலிருந்து கத்தியை எடுத்தான். துரு பிடித்திருந்தது. கிணற்றடிக் கல்லில் தீட்டினான்.

ஏழு கிணற்று நீரில் அவளைக் குளிப்பாட்டினார்கள். துணி மாற்றி மாற்றிப் போர்த்தியபோதெல்லாம் பெண்கள் "பொருந்தல, பொருந்தல" என்று கூவினார்கள். ஏழாவது துணிக்குத்தான் "பொருந்திடுச்சு" என்றார்கள். சுகித்தோ "அமித் அமித்" என்று வாய்க்குள் சொல்லிவிட்டு வெட்டினான். வெட்டு கோணலாக விழுந்தது. இளநீர் ஸ்ரீயாத்தியின் முகத்தில் அடித்தது.

"கோழியா இருந்தா எந்திரிச்சு ஓடியிருக்கும்" என்று அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்துப் பெண் பிறந்தாள். சுகித்தோ பழையபடி கோழிக் கடைக்குத் திரும்பிவிட்டான். வியாழன் மாலைகளில் இருவரும் பலாமரத்தடிக்குப் போய்ப் பூ தூவுகிறார்கள். இப்போது வார்த்தினியின் வயிற்றில் பிள்ளை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு கோழிக்கும் முன்னால் அவன் "அமித் அமித்" சொல்லிவிட்டுத்தான் அறுக்கிறான்.