நண்டுக்குள் இருந்த கை

1. தங்கூசி

பழைய சினிமாப் படங்களை ஸ்கேன் செய்து பழுது பார்ப்பது என் வேலை. சிட்னியில் ஒரு சிறிய ஸ்டூடியோ. பென்டில் ஹில்லில் இருந்து ரயிலில் போய் வருகிறேன். கீறல், பூஞ்சணம், மங்கிய நிறம் எல்லாவற்றையும் ஃபிரேம் ஃபிரேமாகச் சரி செய்வோம். இத்தனை வருடத்தில் நான் மேனேஜரோடு முட்டிக்கொண்டது ஒரு நண்டுக்காக.

டிரைவ்-இன் தியேட்டரில் காருக்குள் இருந்து சிப்ஸ் தின்றபடி பார்ப்பதற்காக, சொற்பக் காசில் எடுத்த படம் அது. வீட்டளவு நண்டு ஒன்று கடலில் இருந்து ஏறி வந்து ஊரை நாசமாக்கும். உடம்பு தார்ப்பாய். கால்கள் விளக்குமாற்றுப் பிடிகள். தூண்டில் போடுகிற தங்கூசி நூலால் மேலே இருந்து இழுத்திருக்கிறார்கள். நூல் அப்பட்டமாகத் தெரியும்.

மேனேஜர் முரளி சென்னைக்காரர். கெட்டவர் இல்லை, அவசரக்காரர்.

"அக்கா, நூல் அசிங்கமா தெரியுது. ஏஐ-ல போட்டு எடுத்துடலாம்."

"நூல் இல்லாட்டி நண்டு என்னெண்டு தம்பி நடக்கும்? அதைப் பாக்கிறதுதானே பகிடி."

"இந்தக் காலத்துப் பசங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். உங்களுக்கென்ன நட்டம்?"

என் பேச்சு எடுபடவில்லை. மூன்றாம் ரீலை என்னிடம் தராமலே சாஃப்ட்வேருக்குக் கொடுத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூஞ்சணம் பிடிப்பது பழுது. அதை எடுக்கத்தான் எனக்குச் சம்பளம். நூல் தெரிவது பழுதல்ல, படம் எடுத்தவர்கள் விட்ட பிழை. அது அவர்களுடைய சொத்து. காசில்லாத நாலு பேர் கடற்கரையில் நின்று, "எங்களால் முடிந்தது இவ்வளவுதான், தயவு செய்து பயப்படுங்கள்" என்று கேட்கிறார்கள். பார்க்கிற சனமும் ஒரு மரியாதைக்காகப் பயந்து கொடுக்கிறது. இந்தப் படங்களின் அழகே அதுதான். அதற்குள் நுழைந்து கெட்டித்தனம் காட்ட நாங்கள் யார்?

2. ஜோன்

அந்தப் படத்தின் ஒரே பிரிண்டைத் தன் கராஜில் வைத்திருந்து எங்களுக்குத் தந்தவர் ஜோன் என்ற வயதான வெள்ளைக்காரப் பெண்மணி. நண்டின் தார்ப்பாயைத் தைத்தவரும் அவர்தான். வேலை முடிந்ததும் பார்த்துச் சம்மதம் சொல்ல வந்தார். பேசியது ஆங்கிலம்தான். எனக்கு அது எங்கள் தமிழில்தான் நினைவிருக்கிறது.

திரையில் நண்டு ஒரு மில்க் பார் கடையின் கூரையில் ஏறியது. ஜோன் கதிரையின் நுனிக்கு வந்தார். நண்டின் கொடுக்கு கழன்று சரிந்தது. பிறகு தானாகவே உள்ளே போனது.

"கை எங்கை?" என்று கேட்டார்.

முரளிக்குப் பெருமை. "அதை எடுத்துட்டோம் மேடம். கொடுக்கு கழண்டதும் உள்ளேர்ந்து ஒரு கை வந்து அதைப் பிடிச்சு இழுத்துது. பாக்க நல்லா இல்ல."

"அது என்ரை மனுசன்," என்றார் ஜோன். "படம் முழுக்க நண்டுக்குள்ளை இருந்தது அவர்தான். வெளியிலை தெரிஞ்சது அந்தக் கை மட்டும்தான். ஆள் போய்ச் சேர்ந்திட்டார். அவர் அசையிறதைப் பாக்க என்னட்டை வேறை ஒண்டும் இல்லை."

முரளி அதோடு விட்டிருக்கலாம். "சாரி மேடம். ஆனா டெக்னிக்கலா அது மிஸ்டேக்."

"ஓம். அந்த மிஸ்டேக்கைத்தான் நான் கலியாணம் கட்டினனான்."

முரளி தலையைக் குனிந்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அக்கா, கையோட பழைய ஸ்கேன் இருக்கா?"

"இருக்கு. நான் அழிக்கேல்லை."

மூன்றாம் ரீலை முதலில் இருந்து நானே செய்தேன். நூலை நூலாகவே விட்டேன். கை வருகிற ஃபிரேம்களில் விரல்கள் மேல் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அதை எடுத்தபோது மோதிரம் தெரிந்தது. அதுவரை அந்தக் கையில் மோதிரம் இருந்தது எனக்கே தெரியாது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு ஃபிரேமில் ஏதாவது கண்ணை உறுத்தினால், அது காலம் செய்ததா, ஆள் செய்ததா என்று முதலில் பாருங்கள். காலம் செய்ததென்றால் துடையுங்கள். ஆள் செய்ததென்றால், உங்கள் கையை எடுங்கள்.