பிஸ்கட் பேணியில் கிடந்த பிள்ளையார் சுழிகள்

எங்கள் வீட்டுப் பிரிண்டர் தாளை இழுக்கும்போது தகரத்தில் ஊசியால் கீறுவது போல ஒரு சத்தம் வரும். கூடவே சூடேறிய மை ரிப்பனின் மணமும் வரும். அந்தச் சத்தத்தையும் மணத்தையும் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து, ஒவ்வொரு முறையும் பேனையை எடுத்துப் பிறகு வைத்துவிட்டேன். எழுதினால் அப்பாவும் அம்மாவும் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். பிறர் பொருளுக்கு ஒருநாளும் ஆசைப்படாதவர்கள் அவர்கள். பிழையை மறைத்தால் பிள்ளையார் எங்கள் வீட்டில் நடத்தியதையும் சொல்ல முடியாது. நான் அதிகம் படித்தவள் அல்ல. கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன்.

போரால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டிக் கிடந்த காலம். கொழும்பில், வெள்ளவத்தையில், கரையோர ரயில் போனால் யன்னல் கண்ணாடி அதிரும் ஓர் ஒழுங்கையில், பெரிய வீடொன்றோடு ஒட்டிக் கட்டிய ‘அனெக்ஸ்’ ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குப் புறக்கோட்டையில் கடை வேலை. ஊரில் டைப் பழகியிருந்த அம்மா, வெளிநாடு போன ஒரு குடும்பம் விட்டுப்போன கொம்பியூட்டரையும் பிரிண்டரையும் முன்னறையில் வைத்து, தமிழில் அடித்துக் கொடுக்கப்படும் என்று ஓர் அட்டையை வாசலில் தொங்கவிட்டார். தமிழ் எழுத்து அடிக்கிற ‘புரோகிராம்’ அப்பாவின் கூட்டாளி ஒருவர் ஃபுளொப்பியில் ‘கொப்பி அடிச்சு’ வந்து தந்தது. அந்நாளில் எல்லோரும் அப்படித்தான் எடுத்தார்கள். அது விலைக்கு வாங்குகிற பொருள் என்று ஒருவரும் கதைத்து நான் கேட்டதில்லை. “தேவாரத்தைக் கொப்பியில எழுதி எடுக்கிறதுக்கு ஆரிட்டையும் கேக்கிறமே?” என்றாராம் அந்தக் கூட்டாளி. அது சரிதானே என்று அப்பாவும் இருந்துவிட்டார். தேவாரம் பாடியவர்கள் சிவனடி சேர்ந்து எத்தனையோ நூற்றாண்டுகள். இந்த எழுத்தைச் செய்தவரோ கொட்டாஞ்சேனையில் ஓர் அறைக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் அம்மா ஒரு கடிதம் அடித்துப் பார்த்தார். தாள் வெளியே வந்தபோது, அதன் உச்சியில், நட்டநடுவில், சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி. அம்மா அதை அடிக்கவில்லை. திரையிலும் அது இல்லை. திரும்ப அடித்தார், திரும்பவும் விழுந்தது. அம்மா கதிரையை விட்டு எழும்பிக் கைகூப்பினார். எனக்கு அப்போது பத்து வயது. உடம்பெல்லாம் புல்லரித்தது இன்றும் நினைவிருக்கிறது. “தொழில் தொடங்க முதலே அவர் வந்து குந்தியிட்டார்” என்று அப்பா கண்கலங்கினார்.

நான் சும்மா இருப்பேனா? ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மேல்வீட்டு மாமி ஒவ்வொரு வெள்ளியும் ஒரு செவ்வரத்தம்பூவைக் கொண்டுவந்து பிரிண்டரின் மேல் வைத்துவிட்டுப் போவார். அவருடைய புருஷன் பகிடிக்காரர். “இங்கிலீசில அடிச்சா ஆளைக் காணேல்லை. பிள்ளையாருக்கு இங்கிலீசு ஓடாது போலை” என்பார். நல்ல காரியம் வைத்திருந்தவர்கள் தேடி வந்து கலியாண அழைப்பும் சாதகமும் அடித்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் அந்த வருடங்களில் கூடுதலாக வந்தவை செத்தவீட்டு நோட்டீஸ்கள். அங்கே ஊரில் பெற்றவர் கண்மூட, இங்கே பிள்ளைகள் போக வழியில்லாமல் கறுப்புக் கரை போட்ட ஒரு தாளை மதிலில் ஒட்டிவிட்டு அழுத காலம் அது. அந்தத் தாளிலும் சுழி விழுந்தது. சாவுத் தீட்டுப் பட்ட துடக்குக் கடதாசியில் பிள்ளையார் சுழி போடுவதில்லை. ஆகவே அம்மா கத்தரிக்கோலால் தாளின் உச்சியை அரை அங்குலம் வெட்டுவார். வெட்டிய துண்டைக் குப்பையில் போட மனம் வராது; துடக்கென்று சாமிப் படத்தடியிலும் வைக்க முடியாது. பிரிண்டருக்குப் பக்கத்தில் தகரத்தால் செய்த ஒரு பழைய பிஸ்கட் பேணி இருந்தது. துண்டுகள் அதற்குள் போயின. துண்டுக்கு ஓர் ஆள். இரண்டாம் வருடம் பேணி அரைவாசிக்கு மேல் நிரம்பியிருந்தது.

அப்படி ஒரு பின்னேரம், முப்பது வயது இருக்கும், சவரம் செய்யாத முகத்தோடு ஒருவர் வந்து வாசலில் நின்றார்.

“அக்கா, அம்மா ஊரில மோசம் போயிட்டா. எனக்குப் போகேலாது. எட்டாம் நாள் செலவு இஞ்சை தங்கச்சி வீட்டிலதான். ஒரு நோட்டீஸ் அடிக்க வேணும்.”

அம்மா அவரை உள்ளே இருத்தி அடிக்கத் தொடங்கினார். ஓர் எழுத்துக்கு அம்மா விசையைத் தேடியபோது, அவர் நிமிர்ந்து பார்க்காமலே “ஷிப்ட்டோட மேல் வரிசையில கடைசி, அக்கா” என்றார். தாள் வந்தது. அம்மா கத்தரிக்கோலை எடுத்தார்.

“ஏனக்கா அதை வெட்டிறியள்?”

“துடக்குக் கடதாசியில பிள்ளையாரை ஏத்தக் கூடாது தம்பி.”

“அப்ப அடிக்காமல் விடலாம்தானே?”

“நாங்கள் அடிக்கிறேல்லை. அவராத்தான் வாறவர்” என்றேன் நான், பெருமையாக.

அம்மா பேணியைத் திறந்தார். வந்தவர் எட்டிப் பார்த்தார். “இவ்வளவுமே?”

“ஓம். பிள்ளையாரைக் குப்பையில போடலாமே? ஒவ்வொண்டும் ஒரு சீவன்.”

அவர் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்து, கிளாசைக் கீழே வைக்காமல் சொன்னார்: “அக்கா, அவரா வாறேல்லை. நான்தான் வைச்சனான்.”

மூன்று வருடம் இருந்து அந்தப் புரோகிராமைச் செய்தவர் அவர். பெயர் கேதீஸ்வரன். காசு கொடுத்து வாங்கியவர்களிடம் சுழி விழாது. கொப்பி அடித்ததில் மட்டும் விழும்படி செய்திருந்தார். “வேலை செய்யாமல் நிப்பாட்ட மனம் வரேல்லை. எங்கடை சனம் எந்த அடையாளத்தை அழிக்காது எண்டு யோசிச்சு இதை வைச்சன். செத்தவீட்டை நான் யோசிக்கேல்லை.” விலைக்கு வாங்கியவர்கள் கைவிரலில் எண்ணக்கூடிய அளவுதான். ஊரில் தாயாருக்கு மருந்துக்கென்று தன் கொம்பியூட்டரையே விற்றுவிட்டாராம். அதனால்தான் தாயாரின் நோட்டீசை, தன் எழுத்தின் களவுக் கொப்பியில் அடிப்பதற்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

அம்மா மெசினை நிற்பாட்டினார். “பிள்ளையாரை முன்னுக்கு வைச்சே களவெடுத்திருக்கிறம்” என்றார். காசு கொடுக்கப் பார்த்தார்; அவர் வாங்கவில்லை. கோபப்படுவார் என்று பயந்து நான் கதவோரம் நின்றேன். அவர் அம்மா வெட்டியிருந்த தன் தாயாரின் துண்டை எடுத்துப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் நீட்டினார். “இதையும் அதுக்குள்ளையே போடுங்கோ அக்கா. அவ தனிய இல்லாமல் கிடக்கட்டும்.”

அதன்பின் ஒரு மாதமாக எங்கள் பிரிண்டர் சத்தம் போடவில்லை. வந்தவர்களை அம்மா திருப்பி அனுப்பினார். வீட்டுக்காரர் இரண்டு தரம் வாடகை கேட்டு வந்து போனார். அப்பா தலைகுனிந்து தவணை கேட்டார். அப்படியிருந்தும் அம்மா மெசினைத் தொடவில்லை. என்னை மட்டும் கூப்பிட்டு, “நீதானே சொல்லித் திரிஞ்சனி, நீதான் போய்ச் சொல்ல வேணும்” என்று வீடு வீடாக அனுப்பினார். வெட்கத்தில் செத்துக்கொண்டு சொன்னேன். மேல்வீட்டு மாமி முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்ப அந்தப் பொடியனுக்கு உந்தப் புத்தியைக் குடுத்தது ஆராம்?” என்றார். வெள்ளிக்கிழமை பூவும் வந்தது.

தாயாரின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து துடக்குக் கழிந்த மறுநாள் கேதீஸ்வரன் அண்ணா வந்தார். கையில் ஒரு ஃபுளொப்பி. நாங்கள் கேட்காமல், நாங்கள் கேட்கவே வெட்கப்பட்ட களவில்லாத கொப்பியை, தன் கையால் போட்டுத் தந்தார். இனி விரும்பிக் கேட்டால் மட்டுமே சுழி விழும். காசு வேண்டாம் என்றதால் அப்பா வேறு வழி கண்டார்: மத்தியானம் வரை அந்தக் கொம்பியூட்டர் அவருக்கு, பின்னேரம் அம்மாவுக்கு. ஒன்றரை வருடம் அவர் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து எங்கள் முன்னறையில் இருந்து புது எழுத்துகள் செய்தார். தன்னைக் களவெடுத்த வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு ஒரு மனிதர் வேலை செய்ததை நான் பார்த்திருக்கிறேன். தாளில் சுழி விழுந்த அன்றைவிட எனக்குப் புல்லரித்தது அப்போதுதான்.

அவர் பிறகு வெளிநாடு போனார், கடிதமும் நின்றது. அவர் செய்த எழுத்தை இன்று எந்த மெசினும் வாசிக்காது. அந்த அனெக்ஸ் இருந்த இடத்தில் ஒன்பது மாடி எழும்பிவிட்டது. போன வருடம் அம்மா கண்மூடியபோது, நாங்கள் அழுது முடிப்பதற்குள் யாரோ செய்த அறிவித்தல் ஒன்று போனுக்குப் போன் தாவி ஊரெல்லாம் போய்விட்டது. செய்தவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. கத்தரிக்கோலுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. பேணி என்னிடம் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் கையால் சுழி போட்டு, அரை அங்குலம் வெட்டி, அம்மாவையும் மற்றவர்களோடு வைத்தேன்.

இதை யாரும் பிரதி எடுக்கலாம், யாருக்கும் அனுப்பலாம். என்னைக் கேட்க வேண்டியதில்லை. என் பெயரை வேண்டுமானால் விட்டுவிடுங்கள். மற்றபடி ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் கொடுங்கள். அந்த எழுத்தைச் செய்தவர் பெயர் கேதீஸ்வரன் என்று எழுதியிருக்கும் இடத்தை மட்டும் தயவுசெய்து வெட்ட வேண்டாம்.