அரபியில் மட்டும் இறந்துபோன அப்பா

பரீட்சையில் பாஸாவதற்காக மேஜர் பெற்ற அப்பாவையே கொன்றுவிட்டார் என்று ஆபீசர்ஸ் மெஸ்ஸில் ஒரு பேச்சு. மெஸ்ஸில் கிளம்பும் பேச்சுக்குக் காலும் உண்டு, றெக்கையும் உண்டு, தலைதான் இருக்காது. ஒரே வாரத்தில் அந்த அப்பாவுக்கு மூன்று விதமான சாவு சொல்லப்பட்டது. மாரடைப்பு என்றார் ஒருவர். மழை, தாமதமாக வந்த ஆம்புலன்ஸ் என்று வானிலை அறிக்கையோடு சொன்னார் இன்னொருவர். ஊர்வலம் சாலையை மறித்ததுதான் காரணம் என்று அரசியலையும் சேர்த்தார் மூன்றாமவர். சரி, செத்தவரையே கேட்டுவிடலாம் என்று ஃபோன் போட்டால் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "யாரு? கொஞ்சம் சத்தமா பேசுங்க!" ஆக, வதந்தியில் பாதி பொய். மீதிப் பாதிதான் இந்தக் கதை.

மேஜருக்கு வயது முப்பத்தொன்பது. சப்ளை பிரிவு. அரிசி, டீசல், பூட்ஸ் எது எந்தக் கிடங்கில் எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மற்றபடி பேச்சு வராது. அவர் ஒரு வாரத்தில் வீட்டில் பேசுவதை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம், தீக்குச்சிகளை எடுக்காமலே. பதவி உயர்வுப் பட்டியலில் ஒருமுறை பெயர் விடுபட்டாயிற்று. இன்னொரு முறை விடுபட்டால் மேஜராகவே ரிட்டயராக வேண்டியதுதான். அந்த நேரத்தில்தான் சுற்றறிக்கை வந்தது. ஒன்பது மாதம் அரபிப் பயிற்சி. எழுபது மார்க் எடுத்தால் வெளிநாட்டில் தொடர்பு அதிகாரி வேலை, கூடவே பதவி உயர்வு. எடுக்காவிட்டால் பழைய யூனிட்டுக்கே திருப்பி அனுப்பி, ஃபைலில் ஒரு வரி எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வரி போதும், ஆளை முடிக்க.

"இது கடைசி பஸ்ஸுங்க," என்றார் மனைவி. பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அனாவசியமாக வாயைத் திறக்கச் சொல்லமாட்டார். "படியில தொங்கிட்டாவது போய்ச் சேருங்க."

பயிற்சிப் பள்ளி என்பது, வெள்ளையடித்த ஒரு பழைய கிடங்கு. ஆறு மாணவர்கள். அரபியைத் தாய்மொழியாகக் கொண்ட ஓர் ஆசிரியர். எல்லோரும் உஸ்தாத் என்றே கூப்பிட்டார்கள். கேட்டைத் தாண்டினால் அரபியைத் தவிர வேறு மொழி பேசக் கூடாது. பாத்ரூம் போக வேண்டுமென்றாலும் அரபியில்தான் கேட்க வேண்டும். அதற்கான வார்த்தை மூன்றாம் நாள்தான் சொல்லித்தரப்பட்டது. முதல் இரண்டு நாள் மதியத்துக்கு மேல் ஆறு அதிகாரிகளும் போர்முனை முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். தினம் அறுபது வார்த்தை, காலையில் எழுத்துத் தேர்வு, மதியம் காதில் ஹெட்ஃபோன். தொண்டையின் அடிவாரத்திலிருந்து இழுத்து எடுக்க வேண்டிய எழுத்துகளை மேஜர் வீட்டில் பழகப்போக, மனைவி வெந்நீரும் உப்பும் கொண்டுவந்து வைத்தார்.

உஸ்தாதிடம் ஒரு பெரிய நோட்டு இருந்தது. மாணவன் தன்னைப் பற்றி வாய் திறந்து எதைச் சொன்னாலும் அதில் ஏறும். மறுநாள் அதிலிருந்தே கேள்வி வரும். நாலாம் நாள் மேஜரின் முறை.

"உங்கள் தந்தை என்ன செய்கிறார்?"

தந்தை ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். மேஜருக்கு 'ஓய்வு' தெரியாது, 'லிஃப்ட்' தெரியாது, 'மெக்கானிக்' தெரியாது. கையிருப்பை வைத்துச் சமாளி என்பதே சப்ளை பிரிவின் வேதம். கையிருப்பைத் துழாவினார். அன்று காலை அறுபதில் ஒன்றாக 'இறந்துவிட்டார்' இருந்தது. எடுத்து வைத்தார்.

உஸ்தாத் பேனாவை மூடினார். எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்தார். வகுப்பே எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றது. மேஜரும் நின்றார். அப்பா அந்த நேரத்தில் ஊரின் மறுகோடியில் தன் வீட்டில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு மிக்ஸியைக் கழற்றிப் போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே கால் வைத்ததும் கூடப் படிக்கும் கேப்டன் ஓடி வந்தார். சிக்னல்ஸ் பிரிவு, வாய் ஓயாது, அதனால் 'ரேடியோ' என்று பெயர். "சார்! போன ஞாயித்துக்கிழமைதானே சார் உங்க அப்பாவோட கேரம் ஆடினேன்! என்னைத் தோக்கடிச்சாரே!"

"மெல்லப் பேசுய்யா. நாளைக்கு மாத்திச் சொல்லிடறேன்."

"எப்படி சார்? பொழச்சு எழுந்துட்டாருன்னா சொல்லப் போறீங்க? அதுக்கு வார்த்தை இருக்கா நம்மகிட்ட?"

இல்லை. மறுநாள் உஸ்தாத் நோட்டைத் திறந்து, எப்போது இறந்தார் என்று கேட்டார். பொய் சொல்வதற்கு மேஜருக்கு ஒரு எண் மட்டுமே தேவைப்பட்டது; உண்மை சொல்ல ஒரு பக்கம் தேவைப்பட்டது. எண்ணைச் சொன்னார். அன்றிலிருந்து, தகப்பனில்லாத பிள்ளை என்று வகுப்பு முடிந்தபின் அரைமணி நேரம் தனிப்பாடம் வேறு. பேச்சுத் தேர்வின் நாற்பது மார்க்கும் உஸ்தாதின் கையில். இனி எங்கே போய் உண்மையைச் சொல்வது?

பாடம் வளர வளர அப்பாவின் சாவும் வளர்ந்தது. இரண்டாம் மாதம் உடலுறுப்புகள், மாரடைப்பு வந்தது. நாலாம் மாதம் வாகனங்கள், ஆம்புலன்ஸ் வந்தது. வானிலைப் பாடம் முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. செய்தித்தாள் படிக்க ஆரம்பித்ததும் ஊர்வலம் கிளம்பிச் சாலையை அடைத்தது. எந்தப் பாடம் நடத்தினாலும் அது நேராக அந்த மனிதரின் மரணப் படுக்கைக்குப் போய் நின்றது.

ஆறாம் மாதத்துக்குப் பிறகு சாவில் சேர்க்க ஒன்றும் மிச்சமில்லை. உஸ்தாத், அவர் வாழ்ந்ததைச் சொல் என்றார். இப்போது லிஃப்டுக்கும் இரும்புக் கயிற்றுக்கும் மசகு எண்ணெய்க்கும் வார்த்தை இருந்தது. சொல்லத் தொடங்கினார். கரண்ட் போய் நடுவழியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட நாலு பேருக்கு, மேலே கூண்டின் முதுகில் படுத்துக்கொண்டு இடுக்கு வழியாக மூன்று மணி நேரம் ஜோக் சொன்னவர் அப்பா. வீட்டுக்கு வந்தபிறகு அவருக்குக் கை நடுங்கி டம்ளர் பிடிக்க முடியவில்லை. உயரம் என்றால் அவருக்குப் பயம். முப்பத்தோரு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை; மகன் பார்த்துத் தெரிந்துகொண்டது. இவையெல்லாம் உண்மை. உஸ்தாத் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அதே அப்பாவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழில் ஃபோன்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

"மருந்து?"

"ம்."

"சரிப்பா, வைக்கிறேன்."

கடைசித் தேர்வு நாள். வெளியிலிருந்து வந்த ஒரு தேர்வாளர், பக்கத்தில் மார்க் தாளோடு உஸ்தாத். ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் பேச வேண்டும். வீட்டிலிருந்து ஒருவர் வந்து பின்வரிசையில் உட்காரலாம். மனைவிக்கு அன்று டியூட்டி. "உங்க பையன் பேசறதைப் பாக்க வேணாமா மாமா?" என்று மாமனாரைக் கிளப்பி அனுப்பிவிட்டார், மேஜரிடம் சொல்லவில்லை. மேஜர் பேச எழுந்து பார்த்தால், பின்வரிசையில் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையில், உயிரோடு.

மேஜர் தயார் செய்து வைத்திருந்ததோ அப்பாவின் சாவையும் வாழ்வையும் பற்றிய அந்த ஒரே பேச்சுதான். வேறு எதைத் தொட்டாலும் எழுபது தேறாது. பேசினார். ஐந்து நிமிடம், பிசிறில்லாமல். அப்பா ஒரு வார்த்தையும் புரியாமல், கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டும் இடத்தில் தானும் ஆட்டிக்கொண்டிருந்தார். தன் சாவுக்கும் ஆட்டினார்.

"உங்களுக்காக வந்திருப்பது யார்?" என்று கேட்டார் தேர்வாளர்.

"என் மனைவியின் தந்தை."

ரேடியோவுக்கு இருமல் வந்தது.

மார்க் போடுமுன் உஸ்தாத் பேனாவோடு நேரே பின்வரிசைக்கே போனார். பெரியவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அன்றுதான் அவர் வாயில் முதன்முதலாகத் தமிழ் வந்தது. "நீங்க மாமனார். நல்லது. இவன் அப்பா செத்துப்போனார், எனக்கு ரொம்ப வருத்தம். இனிமே நீங்க இவனுக்கு அப்பா."

பெரியவர் மகனைப் பார்த்தார். மகனின் காலர் நனைந்திருந்தது. மார்க் தாள் இன்னும் வெற்றாக இருந்தது. லிஃப்ட் எங்கே மாட்டியிருக்கிறது என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடித்த மனிதருக்கு இது எம்மாத்திரம்?

"என்னங்க பண்றது," என்று பெருமூச்சு விட்டார். "சம்பந்தி தங்கமான மனுஷன். லிஃப்ட் வேலையில அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. குடுத்து வைக்கல."

மார்க் எண்பத்தொன்று.

பஸ் ஸ்டாப்பில் மேஜர், நாலாம் நாள் நடந்ததையும் இன்றைய பேச்சு யாரைப் பற்றி என்பதையும் சொன்னார், நாலே வாக்கியத்தில்.

"எண்பத்தொண்ணா?" என்றார் அப்பா. "பரவால்ல, செத்ததுக்குப் பலன் இருக்கு. அது கெடக்கட்டும். அஞ்சு நிமிஷம் என்னைப் பத்திப் பேசினியே, அதுல சாவு ஒரு நிமிஷம்னு வச்சுக்க. பாக்கி நாலு நிமிஷம் என்னடா சொன்னே?"

மேஜர் வாயைத் திறந்தார். அரபியில் வாக்கியம் வரிசையாக வந்து நின்றது. தமிழில் ஒன்றும் கிளம்பவில்லை.

"அதுவா... சும்மா, பொதுவா சொன்னேன்."

"பொதுவா சொன்னதுக்கா அந்த மனுஷன் அப்படிக் கையைப் பிடிச்சுக்கிட்டாரு? சொல்றா."

"சொல்றேன்ப்பா. பஸ் வந்துடுச்சு, பாருங்க."

இப்போது அவர் லெப்டினன்ட் கர்னல். வெளிநாட்டில், நாள் முழுக்க அரபியில் சரளமாகப் பேசுகிறார். பேச்சை நிறுத்தத்தான் ஆள் வேண்டும் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பாவுக்கு ஃபோன் வருகிறது.

"டேய், அந்த நாலு நிமிஷம்?"

"லைன் சரியில்லப்பா. அடுத்த வாரம் சொல்றேன்."

விசாரித்தவரையில் லைனில் ஒரு குறையும் இல்லை. பதினேழு வாரமாகிறது.