மில்காரர் போட்ட கோடி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருவர் வந்து கதவைத் தட்டுவார். நனைந்த தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். வீட்டுக்காரர் செத்தால் ஆகவேண்டிய அடக்கச் செலவுக்கு அந்த வாரத்துப் பங்கை வாங்கிக்கொள்வார். பிறகு அதே வீட்டுக்காரரோடு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து டீ குடிப்பார். வீட்டுக்காரரான ஹாரிசன் வாராவாரம் ஒன்றேதான் சொல்லுவார்: "இன்னும் உயிரோடு இருக்கிறேன், மன்னிக்க வேண்டும்." இன்சூரன்ஸ்காரரும் முகம் மாறாமல், "அவசரமே இல்லை" என்பார். மிஸஸ் ஹாரிசன் இருவருக்கும் பிஸ்கோத்து வைப்பார். மாடி அறையில் வாடகைக்குக் குடியிருக்கும் நான் படியில் நின்று இதைப் பார்த்து முதல் மாதம் முழுக்க வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். மாஞ்செஸ்டருக்குப் பக்கத்தில் உள்ள பஞ்சாலை ஊர் இது. பனி, புகை, உப்பில்லாத உருளைக்கிழங்கு எல்லாம் எனக்குப் பழகிவிட்டன. சாவுக்குச் சந்தா வாங்க வருகிறவனை உட்காரவைத்து உபசரிப்பதுதான் இன்னும் பழகவில்லை.

காரணம் இருக்கிறது. உலகச் சண்டைக்கு முந்திய வருஷங்களில் ராஜபாளையத்தில் அதே தொழிலைச் செய்தவன் நான். சென்னையிலிருந்த ஒரு கம்பெனிக்கு ஏஜண்டு. கறுப்புக் கோட்டு, வாடகைச் சைக்கிள், கக்கத்தில் ஒரு தோல்பை. நான் தெருவில் திரும்பினால் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். "ஒங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா" என்று நான் வாயைத் திறந்ததும் ஒரு பெரியவர் செருப்பைத் தேடினார். இன்னொரு வீட்டில் என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். நல்ல சகுனம் என்று மகிழ்ந்து பையைத் திறந்தால், "தம்பி, ஒங்களுக்கே எந்நேரம் என்ன ஆகுமோ, மொதல்ல ஒரு கல்யாணத்தப் பண்ணுங்க" என்று மூன்று ஜாதகத்தை எடுத்து வைத்தார்கள். ஆயுள் பாலிசி எடுத்தவர்கள் நாலே பேர். அதில் ஒருவன் நான்.

ஆனால் ஒரு பெரிய மீன் சிக்கியது. பருத்தி அரைக்கும் மில் ஒன்றின் முதலாளி, ஆட்களுக்கு அடிபட்டால் சட்டப்படி தாம் கட்டவேண்டிய நஷ்டஈட்டுக்காக என்னிடம் ஒரு பாலிசி எடுத்திருந்தார். ஆளுக்கு அடிபட்டால் சர்க்கார் முதலாளியைக் கேட்கும். முதலாளிக்காகக் கம்பெனி கட்டும். அடிபட்டவனுக்கு இப்படி இருவர் தனக்குப் பின்னால் நிற்பதே தெரியாது. தெரியாதவரை கம்பெனிக்கு நல்லது என்று மேலதிகாரி எனக்குப் பாடம் சொல்லியிருந்தார். நானும் தலையாட்டினேன்.

ஒருநாள் காலையில் அந்த மில்லில் கருப்பையா என்பவர் மெஷின் பெல்ட்டில் மாட்டி இறந்துபோனார். தேவதானத்துக்காரர், பிழைப்புக்கு ராஜபாளையம் வந்தவர். மனைவி பேச்சியம்மாள், எட்டு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பெண்பிள்ளைகள். நஷ்டஈடு வராவிட்டால் அவர்களுக்கு ஒரே வழி, தேவதானத்தில் கருப்பையாவின் அண்ணன் வீட்டில் வேலைக்காரியாக ஒண்டுவது. அண்ணன்காரன் பிணத்தைப் பார்க்க வந்த இடத்திலேயே, மூத்தவளை எந்தப் பண்ணையில் மாடு மேய்க்க விடலாம் என்று பேசிக்கொண்டிருந்தான். என் காதாலேயே கேட்டேன்.

மில்லின் கணக்கப்பிள்ளை என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏலே தங்கராசு, கையில ஏதாச்சும் குடுத்து ஒரு ரேகை வாங்கிட்டா சோலி முடிஞ்சிரும்லா? எப்பிடிலே குடுக்க? இப்பப் போயி ரூவாய நீட்டுனா மூஞ்சியில விட்டெறிவாவ."

எனக்கு மூளை மின்னியது. அப்படி மின்னிய போதெல்லாம் எனக்குக் கேடுதான் வந்திருக்கிறது. "அண்ணாச்சி, கோடி எடுத்துட்டுப் போங்க" என்றேன். இறந்தவர் மேல் போர்த்த உறவுக்காரர்கள் புது வேட்டி கொண்டுவருவதுதான் கோடி. எங்கள் பக்கத்தில் கோடியை வேண்டாமென்று சொல்ல எந்த வீட்டுக்கும் வாய் வராது. தாம்பாளத்தில் வேட்டி, வேட்டிக்குக் கீழே பணம். வாங்கியே தீரவேண்டும். ரேகையைப் பதினாறாம் நாள் காரியம் கழிந்ததும் வாங்கிக்கொள்ளலாம். "லே, நீ பெரிய ஆளாத்தான் வருவ" என்றார் கணக்கப்பிள்ளை. அந்தப் பாராட்டில் கிறுகிறுத்து, "சும்மா போனா நல்லாருக்காது, ஒரு மேளமும் வச்சிருவோம்" என்று நானே சொன்னேன். மேளக்காரரை அழைத்துவந்ததும் நானே. முதலாளி சார்பில் கணக்கப்பிள்ளை தாம்பாளம் ஏந்தி முன்னால் நடக்க, கொட்டு முழக்கோடு தெரு வழியாகப் போனோம். அரை ராஜபாளையம் கூடிப் பார்த்தது. நான் கூட்டத்தில் நின்று என் சாமர்த்தியத்தை நானே ரசித்தேன்.

பதினேழாம் நாள் மைப்பெட்டியோடு போனேன். பேச்சியம்மாள் சோளம் புடைத்துக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டி, எல்லாம் தீர்ந்தது என்று இதில் ஒரு ரேகை வைக்கவேண்டும் என்றேன். "என்ன தம்பி தீந்துச்சு?" என்றார். இரக்கம் வந்தது எனக்கு. கூடவே கொஞ்சம் படிப்புத் திமிரும். "அது ஒண்ணுமில்லக்கா, கோடியில வந்தது முதலாளி மனசா குடுத்தது. சட்டத்துக்குக் குடுக்கிறதுன்னா அதுக்குப் பெரிய நடைமுறையெல்லாம் இருக்கு" என்று விளக்கினேன்.

முறம் நின்றது. "அப்போ சட்டத்துக்குன்னு தனியா ஒரு பணம் இருக்கா தம்பி?"

நான் மைப்பெட்டியை மூடினேன். மூடி என்ன பயன்? வாயையல்லவா மூடியிருக்க வேண்டும். மறுநாளே அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவரிடம் போய் உட்கார்ந்துவிட்டார்.

தொழிலாளர் நஷ்டஈட்டு வழக்குகளைப் பார்க்கும் கமிஷனர் சென்னையில் இருந்தார். விசாரித்து எழுதும் பொறுப்பு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த ஓர் அதிகாரிக்கு வந்தது. எங்கள் கம்பெனி சென்னையிலிருந்து ஒரு யுக்தி அனுப்பியது: கருப்பையா மில் ஆளே இல்லை, மூட்டை இறக்க வந்த வெளிக்கூலி, உள்ளே போனது அவர் தப்பு. ஆஜர்ப் புத்தகத்திலும் அவர் பெயர் இல்லை. எழுதவேண்டியவர் கணக்கப்பிள்ளைதானே, எப்படி இருக்கும்?

விசாரணைக்கு ஒரே பஸ்ஸில்தான் போனோம். ராஜபாளையத்திலிருந்து அந்நேரத்துக்கு வேறு பஸ் கிடையாது. முன் சீட்டில் நானும் கணக்கப்பிள்ளையும். பின்னால் பேச்சியம்மாளும் பிள்ளைகளும். சின்னவளுக்கு வாந்தி வந்ததால் முன்னால் வரச் சொன்னோம். அவள் என் மடியில் தூங்கிவிட்டாள். யாருடைய அக்காளை மாட்டுத்தொழுவுக்கு அனுப்பக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு போகிறேனோ, அந்தப் பிள்ளையின் எச்சில் அதே கோட்டில் வடிந்துகொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை சன்னல் வழியாக வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அதிகாரி மெலிந்த மனிதர். கணக்கப்பிள்ளை மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்: "அவன் எங்க ஆளே இல்லீங்க. மொகம்கூட சரியாத் தெரியாது."

"நீ என்னம்மா சொல்லுத?" என்றார் அதிகாரி.

பேச்சியம்மாள் எழுந்தார். "சாமி, மொகந்தெரியாத ஆளுக்கு எதுக்குக் கொட்டு முழக்கோட கோடி எடுத்துட்டு வந்தாக? தெருவே பாத்துச்சு. இந்தா நிக்காகள்ல, அவியதான் தாம்பாளம் ஏந்துனாக."

அதிகாரியின் பேனா நின்றது. "கோடி போட்டீரா?"

"அது, ஒரு மனுசத்தன்மையில..."

"மனிதத்தன்மைக்கு மேளம் எதற்கய்யா?"

கணக்கப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்த பார்வை இப்போதும் சில நாள் கனவில் வருகிறது. நான் கூரையில் பல்லி ஏதும் உண்டா என்று தேடினேன்.

"எனக்கும் இந்தப் பக்கந்தான் ஊர்" என்றார் அதிகாரி. "கோடி போட ஒண்ணு உறவாக இருக்கணும், இல்லை உறவு மாதிரி வீட்டோடு கிடந்தவனாக இருக்கணும். ஒம்ம முதலாளிக்கு இந்தம்மா வீட்டில் கொடுக்கல் வாங்கல், பெண் எடுத்த வகை ஏதும் உண்டா? உண்டென்றால் எழுதிக்கொள்கிறேன். முதலாளியைக் கூப்பிட்டும் கேட்கிறேன்."

முதலாளி கூலிக்காரன் வீட்டுக்குச் சம்பந்தியா என்று கேட்டு ஓர் எழுத்து ராஜபாளையத்துக்குப் போனால் கணக்கப்பிள்ளை மில் வாசலை மிதிக்க முடியாது. துண்டால் கழுத்தைத் துடைத்தார். இருமினார். "ஆளுதாங்க" என்றார், அவருக்கே கேட்காத குரலில். "ஆறு வருசமா எங்க ஆளுதான்."

பிறகு அவசரமாக, அப்படியானால் கோடியில் வைத்த பணத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்றார். அதிகாரி சட்டப் புத்தகத்தைத் தட்டினார். செத்தவனுக்குரிய நஷ்டஈடு சர்க்கார் கை வழியாகத்தான் போகவேண்டும். நேரே கொடுத்தது கணக்கில் சேராது. பேச்சியம்மாள் இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்: "அது செய்மொற சாமி. அவிய வீட்டுல ஒண்ணுன்னா நாங்களும் கோடியோட வருவோம். அது வேற, இது வேற."

எனக்கு உள்ளுக்குள் குதிக்கவேண்டும் போலிருந்தது. தோற்ற கட்சிக்காரன் குதிக்கலாமா? கோட்டுப் பையில் கையை விட்டு என்னை நானே பிடித்துக்கொண்டேன். திரும்பும் பஸ்ஸில் பேச்சியம்மாள் இலையில் மடித்த பால்கோவாவில் ஒரு துண்டு எனக்கும் நீட்டினார். "நீங்க தோத்ததுக்கு வெசனப்படாதீக தம்பி. ஒங்களாலதான இம்புட்டும்." கணக்கப்பிள்ளை அப்போதும் வயலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி பணத்தைக் கட்டியது. சர்க்கார் அதைப் பிள்ளைகள் பேரில் வைத்து மாதாமாதம் கொடுத்தது. மாடு மேய்க்க இருந்த மூத்தவள் வள்ளி பள்ளிக்கூடம் போனாள். எனக்கு வேலை போயிற்று. பட்டாளத்தில் சேர்ந்தேன், மெஷின் வேலை கற்க இங்கே அனுப்பினார்கள், சண்டை முடிந்து எல்லோரும் ஊர் திரும்ப, ஒரு நூற்பாலையில் இடம் கிடைத்ததென்று நான் மட்டும் ஒட்டிக்கொண்டேன். நானும் இன்று ஒரு மில் ஆள். பெல்ட்டைக் கண்டால் இரண்டடி தள்ளியே நடப்பேன்.

ஊரில் இருக்கிறவர்களே, இந்த வருஷம் இந்தச் சீமையில் நடப்பதைக் கேளுங்கள். ஒவ்வொருவர் பேருக்கும் ஓர் அட்டை. வாராவாரம் அதில் ஒரு முத்திரை ஒட்டுகிறார்கள். காய்ச்சலானாலும், வேலை போனாலும், புருஷன் செத்தாலும் சர்க்கார் தருகிறது. பெல்ட்டில் மாட்டித்தான் சாகவேண்டும் என்று கிடையாது. கருப்பையா அன்று காலையில் பேதியில் போயிருந்தால் நம் சட்டம் திரும்பிப் பார்த்திருக்குமா? நான் எந்தக் கோடி எடுத்து எந்த மேளம் வைத்தாலும் பேச்சியம்மாளுக்கு ஒரு சல்லி வந்திராது. அட்டை கைக்கு வந்த அன்று தெருவில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் காட்டினேன். எல்லோரிடமும் ஒன்று இருந்ததால் யாரும் வியக்கவில்லை. நமக்கும் இப்போது நம் சர்க்கார் வந்துவிட்டது. இதைக் கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

அட்டை வாங்கப் போன ஆபீசில் ஒரு பெண் என்னிடம், "இதற்கு முன் வேறு பாதுகாப்பு உண்டா?" என்று கேட்டாள்.

"உண்டு. ஒரு நாற்பது பேர்" என்றேன்.

"நாற்பது கம்பெனிகளிலா?"

"இல்லை, மாமன் மச்சான்."

அவள் யோசித்து, அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.

போன மாதம் வள்ளியின் கடிதம் வந்தது. வாத்தியார் டிரெயினிங்கில் இருக்கிறாளாம். எழுத்து என்னுடையதைவிட அழகு. அட்டையைப் பற்றி நான் எழுதியிருந்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாளாம். அடியில், "அம்மா ஒண்ணு கேக்கச் சொன்னாக: அம்புட்டும் சர்க்கார் குடுத்துருதுன்னா, அங்கன ஒரு வீட்டுல ஒண்ணுன்னா நீங்க எல்லாம் என்னத்தக் கொண்டுக்கிட்டுப் போவீக?" என்று எழுதியிருந்தாள். 

அந்த வாரத்திலேயே ஹாரிசன் நெஞ்சுச்சளி முற்றி இறந்துபோனார். எல்லாம் கடிகாரம் போல நடந்தது. இன்சூரன்ஸ்காரர் வந்தார், தொப்பியைக் கழற்றினார், இந்தத் தடவை டீ கேட்கவில்லை. அடக்கச் செலவு வந்துவிட்டது. ஆபீசிலிருந்து விதவைக்கு உதவித்தொகைத் தாள் வந்தது. மிஸஸ் ஹாரிசன் எந்தக் காகிதத்திலும் ரேகை வைக்கவேண்டியிருக்கவில்லை. எந்த அதிகாரி முன்னாலும் எழுந்து நிற்கவேண்டியிருக்கவில்லை. பார்க்கப் பார்க்க மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. ஆனால் முன்னறையில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அவர் மட்டும் தனியே உட்கார்ந்திருந்தார்.

இங்கே துணிக்கு இன்னும் ரேஷன், கூப்பன் இல்லாமல் கிடைக்காது. குளிர்க் கோட்டுக்காகச் சேர்த்திருந்த கூப்பன்களைக் கடையில் கொட்டி நாலு கெஜம் வெள்ளைத் துணி வாங்கினேன். தாம்பாளம் இல்லை, அவர்களுடைய டீத் தட்டிலேயே வைத்தேன். மேளம் வைக்கவில்லை, அந்தத் தப்பை மட்டும் மறுபடி செய்யவில்லை. முன்னறைக்குள் இரண்டு கையாலும் ஏந்திப் போய் நின்றேன். பெட்டி மூடியிருந்தது; போர்த்த வழியில்லை. மிஸஸ் ஹாரிசன் துணியை எடுத்து விரித்துப் பார்த்தார். கண் நனைந்தது.

"எவ்வளவு அழகான மேஜைவிரிப்பு, ராஜ்" என்றார்.

நான் திருத்தவில்லை. அடக்கம் முடிந்து வந்ததும் அதை மேஜையில் விரித்து ரொட்டியும் பன்றி இறைச்சியும் வைத்தார்கள். சொந்தக்காரர்கள் அடுப்புப் பக்கம் உட்கார்ந்தார்கள். அக்கம்பக்கத்தார் கதவுப் பக்கம் நின்றார்கள். கோடி போட்டவன் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. கோப்பையோடு மேஜையின் மூலையில் நின்றேன். யாரோ தட்டை இழுத்தபோது துணி ஒரு பக்கமாகச் சரிந்தது. ஒரு கையில் டீ ஆறிக்கொண்டிருக்க, மறுகையால் அதன் முனையைப் பிடித்துக்கொண்டேன். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை விடவில்லை.