வேப்பிலை கட்டிய வீட்டுக் காசு

பிள்ளைகளே, போன மாதம் பெரியவள் வந்திருந்தபோது அம்மாவிடம் ஒன்று கேட்டாள். "பக்கத்து வீட்டுக்காரிக்கு ரவிக்கை எப்படி வெட்டணும்னு துணியில கோடு போட்டுக் காட்டறே. உன் ரவிக்கையை மட்டும் ஏம்மா காசு குடுத்து வெளிய தைக்கறே?" அம்மா, அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள். அடுப்பில் அப்போது ஒன்றும் இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் சொல்லாத பதிலை நான் எழுதிவிடுகிறேன். எனக்கு எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டில் ஒரு தையல் மெஷின் இருந்தது. காலால் மிதிப்பது. பெரியவளுக்கு மங்கலாக ஞாபகம் இருக்கலாம், அதன் மிதி மேல் உட்கார்ந்து ஊஞ்சல் ஆடுவாள். உங்கள் அம்மா கல்யாணத்துக்கு முன்பே சீட்டுக் கட்டி வாங்கியது. முன் அறையில் ஜன்னலுக்குக் கீழே நிற்கும். பொங்கலும் தீபாவளியும் வந்தால் இரண்டு தெருப் பெண்கள் துணியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் அரிசி மண்டியில் எடை போட்டு வாங்குகிற வாரக்கூலி சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும். மற்றதெல்லாம், உங்கள் சிலேட்டு, என் செருப்பு, நல்லது கெட்டதுக்குப் போகிற செலவு, அந்த மெஷினிலிருந்து வந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஆடி மாதம் மண்டியில் அடுக்கியிருந்த மூட்டை சரிந்து என் இடது காலில் விழுந்தது. எலும்பு இரண்டு இடத்தில் விட்டுப்போயிற்று. கட்டுப் போட்டுப் படுத்திருந்த மாதங்களில் கூலி கிடையாது. முதலில் அம்மாவின் தோடு போயிற்று. பிறகு பித்தளை அண்டா, குடம். ஐப்பசியில் விற்க வேறு எதுவும் இல்லாதபோது மெஷினைத் தேரடி வீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் அடகு வைத்தோம். அவர் கடைக் கணக்கு சித்திரை ஒன்றாம் தேதி புதிதாகத் தொடங்கும். அதற்குள் அசலும் வட்டியும் கட்டினால் மெஷின் நமக்கு. கட்டாவிட்டால் அவர் விற்றுக்கொள்வார். வண்டியில் ஏற்றும்போது அம்மா மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துத்தான் அனுப்பினாள்.

கார்த்திகையில் கோலை ஊன்றிக்கொண்டு மறுபடி வேலைக்குப் போனேன். அன்றிலிருந்து மெஷினை மீட்க வீட்டில் வாயைக் கட்டினோம்.

மண்டியில் சாயங்காலம் கூட்டி அள்ளுகிற அரிசியை வேலைக்காரர்களுக்குக் கம்மி விலைக்குக் கொடுப்பார்கள். பாதி அரிசி, பாதி கல்லும் சணல் தூசும். நாங்கள் அதைத்தான் வாங்கினோம். நீங்கள் மூன்று பேரும் முறத்தைச் சுற்றி உட்கார்ந்து கல் பொறுக்குவீர்கள், யார் பொறுக்கிய கல் பெரிசு என்று சண்டை வரும். பால் சின்னவனுக்கு மட்டும். எனக்கும் அம்மாவுக்கும் வெல்லம் போட்ட வரக்காப்பி, வெல்லம் தீர்ந்த வாரத்தில் அதுவும் இல்லை. சோப்பை நூலால் அறுத்து ஒரு துண்டை வெளியே வைத்துவிட்டு மற்றதை அம்மா ஒளித்துவைப்பாள். நான் பீடியை விட்டேன். விட்டது நல்லதுதான். ஆனால் நல்லது என்று நினைத்து விடவில்லை.

நடுவுள்ளவன் அப்போதே வாய்க்காரன். ஒரு நாள் தட்டைத் தூக்கிப் பார்த்து, "இது மோரா, மோர்ச்சட்டி கழுவின தண்ணியா?" என்றான்.

"ரெண்டும்தான். குடிச்சுட்டு எழுந்திரு," என்றாள் அம்மா.

"குழம்புல காய் இருக்குன்னியே, எங்க?"

"இருந்துச்சு. உன்னப் பாத்துட்டு ஒளிஞ்சிடுச்சு."

நாங்கள் சிரித்தோம். சிரிக்காமல் அந்தக் குழம்பைச் சாப்பிட முடியாது.

கார்த்திகை தீபத்தன்று மலை தீபம் பார்க்க ஊர் கொள்ளாத கூட்டம். எல்லா வாசலிலும் வரிசையாக விளக்கு. நம் வாசலில் அம்மா ஒரே ஒரு அகல் ஏற்றினாள். பக்கத்து வீட்டுக்காரி, "இன்னாம்மா, ஒண்ணே ஒண்ணு வச்சிருக்கே?" என்று கேட்டதற்கு, "மலை மேல எரியறது நமக்கும் சேத்துத்தானே எரியுது," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். எண்ணெயை மிச்சம் பிடித்ததை எவ்வளவு நறுக்கென்று மூடிவிட்டாள் என்று நினைத்தேன். 

வாரக்கடைசியில் கூலி வாங்கிக்கொண்டு தேரடி வீதி வழியாக வருவேன். சுற்று வழிதான், இருந்தாலும் வருவேன். கடைக்குள் மெஷின் ஒரு மூலையில் இருக்கும். மேலே கோணி போட்டு, அதன் மேல் சட்டி, கரண்டி எல்லாம் அடுக்கியிருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இருக்குதா?" என்று மட்டும் கேட்பாள். "இருக்குது" என்பேன். சட்டி அடுக்கியிருப்பதை ஒரு நாளும் சொல்லவில்லை.

பங்குனி பாதியில் காசு சேர்ந்துவிட்டது. அது சனிக்கிழமை ராத்திரி. ஞாயிறு கடை இல்லை. திங்கள் காலை போய் மீட்டுவிடுவது என்று பேசி முடித்தோம். அம்மா ஜன்னலுக்குக் கீழே அந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். யாருக்கு முதலில் பாவாடை தைப்பது என்று பெரியவளுக்கும் நடுவுள்ளவனுக்கும் தகராறு. அவனுக்குப் பாவாடை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

ஞாயிறு சாயங்காலமே பெரியவளுக்கு உடம்பு கொதித்தது. திங்கள் விடியலில் அம்மா அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். முதுகு முழுக்க முத்து. சின்னம்மை.

வெளியே போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்துவந்து வாசலில் கட்டினாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றேன்.

"எங்க கிளம்பறீங்க?"

"தேரடிக்கு. பேசினதுதானே?"

"ஆத்தா வந்து எறங்கியிருக்கா. இந்த வீட்லேர்ந்து ஒருத்தர் கைக்கு உப்பு தரக்கூடாது, நெருப்பு தரக்கூடாது, காசு தரக்கூடாது. உங்களுக்குத் தெரியாதா?"

"மெஷின் உன்னுதும்மா."

"புள்ளையும் என்னுதுதான்."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். உங்களுக்கு இப்போது இது வேடிக்கையாக இருக்கும். ஆஸ்பத்திரி, ஊசி, மாத்திரை என்று வளர்ந்த பிள்ளைகள் நீங்கள். எங்களுக்கு அது வேடிக்கை இல்லை. முத்து போட்ட வீட்டிலிருந்து ஒன்றைக் கொடுத்தால் அதோடு சேர்ந்து எது வெளியே போகும், எது உள்ளே தங்கும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை படுத்திருக்கும்போது அதைச் சோதித்துப் பார்க்க எந்தத் தாய்க்கும் மனசு வராது.

ஆனாலும் மனசு கேட்காமல் இரண்டு நாள் கழித்து இளநீர் வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டுத் தேரடிக்குப் போனேன். காசு சட்டைப்பையில் இருந்தது. பால்காரன் மூலம் சேதி எனக்கு முன்னாலேயே போயிருந்தது. கடைப் படியில் கால் வைக்கும்போதே பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அங்கயே நில்லுப்பா. பாப்பாவுக்கு எப்படி இருக்குது?"

"முத்து எறங்கற மாதிரி இருக்குதுங்கய்யா. காசு கொண்டாந்துட்டேன். முழுசா இருக்குது."

"எடுக்காதே. பையிலயே வை. எங்க வீட்லயும் பேரன் பேத்தி இருக்குது. ஆத்தா இருக்கற வீட்டுக் காசை நான் தொடமாட்டேன்."

"வேற யாரு கையிலயாவது குடுத்தனுப்பட்டுங்களா?"

"யாரு கையில வந்தாலும் அது அந்த வீட்டுக் காசுதானே? பாப்பா தலைக்கு மூணாம் தண்ணி ஊத்தி, எலையை அவுத்துட்டு வா. உன் மெஷின் எங்க ஓடப்போவுது?"

"அதுவரைக்கும் வட்டிங்கய்யா?"

"வட்டி அது பாட்டுக்கு ஓடும். அதுக்கு எங்க முத்து போட்டிருக்குது?"

குடம் வாங்க வந்த ஒரு அம்மாள் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். பெரியவரும் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர். "ஒண்ணாந்தேதி தாண்டினாலும் பத்து நாள் பொறுக்கறேன்பா, ஆத்தா விஷயம்," என்று அவராகவே சொன்னார். நான் இரண்டு இளநீர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த இளநீருக்கான காசு எங்கிருந்து வந்தது? சட்டைப்பையில் இருந்ததிலிருந்துதான். பிள்ளைக்கும் சாப்பாட்டுக்கும் ஜாமான் வாங்குவதற்கு அந்தத் தடை இல்லை. இளநீர்க்காரன் அந்தக் காசை வாங்கிக்கொண்டான், அவனுக்கு நான் எந்த வீடு என்று தெரியாது. கடனை அடைக்கத்தான் கொடுக்கக் கூடாது.

மண்டி முதலாளியும் மறுநாளே, வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். "நாலு வியாபாரி வந்து போற எடம், எலையை அவுத்துட்டு வாப்பா." கூலி நின்றது.

முத்து காய்ந்ததும் பெரியவளுக்கு வேப்பிலை போட்ட முதல் தண்ணி தலைக்கு ஊற்றினோம். மூன்றாம் தண்ணி ஊற்றி இலையை அவிழ்க்கலாம் என்று இருந்தபோது நடுவுள்ளவனுக்கும் சின்னவனுக்கும் ஒன்றாகப் போட்டது. சின்னவன் தொண்டைக்குள்ளும் முத்து வந்து எதையும் விழுங்காமல் கிடந்தான். அம்மா அவனை மடியில் போட்டு, வேப்பிலைக் கொத்தால் உடம்பை வருடிக்கொண்டே இருந்தாள். வீட்டில் தாளிப்புக் கூடாது. வெறும் கஞ்சி, உப்புப் போடாத பருப்பு. "ஆத்தா எண்ணெய்ச் செலவை மிச்சம் பண்ணிக் குடுத்துட்டா," என்று அம்மா ஒரு நாள் சொன்னாள். நடுவுள்ளவன் கூட அதற்குச் சிரிக்கவில்லை.

இளநீர், மோர், நொங்கு, கூலி இல்லாத நாட்களுக்கு அரிசி, பருப்பு. ஒவ்வொரு முறையும் அம்மா, "அதுலேர்ந்து எடுங்க," என்பாள். எதிலிருந்து என்று பெயர் சொல்ல மாட்டாள். ஐந்து மாதம் வாயைக் கட்டிச் சேர்த்தது, எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தே போயிற்று. சித்திரை ஒன்றாம் தேதி வந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் வேப்பம்பூப் பச்சடி. நம் வாசலில் இலை.

சின்னவனுக்கு மூன்றாம் தண்ணி ஊற்றி இலையை அவிழ்த்த மறுநாள் தேரடிக்குப் போனேன். கையில் இருந்தது அசலில் பாதிகூட இல்லை. அவர் சொன்ன பத்து நாளும் தாண்டியிருந்தது. கடையின் மூலையில் கோணி மட்டும் மடித்து வைத்திருந்தது.

"போளூர்லேர்ந்து ஒரு தையக்காரன் வந்தான்," என்றார் பெரியவர். "நானும் பொறுத்துப் பாத்தேன்பா. கடையப் பாத்துக்கற என் பையன் கேக்கல. வித்த காசு உன் அசலுக்கும் வட்டிக்கும் சரியாப் போச்சு. நீ ஒண்ணும் தரவேணாம், நான் ஒண்ணும் தரவேணாம். கொழந்தைங்க நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்கய்யா."

"அது போதும்பா."

வீட்டுக்கு வந்தேன். அம்மா வழக்கம்போல, "இருக்குதா?" என்று கேட்டாள்.  "கடன் தீந்துடுச்சு," என்றேன்.

அவள் புரிந்துகொண்டாள். ஜன்னலுக்குக் கீழே பார்த்தாள். "தீந்துச்சா? சரி," என்றாள். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து, காசு சேர்த்த நாட்களில் போலவே மூன்று சொட்டு விட்டுக் கடுகு தாளித்தாள். இனிமேல் யாருக்கும் கொடுக்க வேண்டியது இல்லை, நாலு சொட்டு விட்டிருக்கலாம். விடவில்லை. இன்றைக்கும் அவள் கை அப்படித்தான். எண்ணெய் போதவில்லை என்று நீங்கள் குறை சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வரும்.

பிறகு எண்பதுகளில் கொஞ்சம் கை நிமிர்ந்தது. தவணைக்கு ஒரு மெஷின் எடுக்கலாமா என்று இரண்டு முறை கேட்டேன். "வேணாங்க, கண்ணு தெரியல," என்றாள். கல்லுக்கு நடுவே அரிசி தெரிகிற கண் அது. நான் மறுபடி கேட்கவில்லை.

மெஷின் போய்விட்டது என்று தெரிந்த அந்த வாரத்து வெள்ளிக்கிழமை, உங்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு அம்மா மாரியம்மன் கோயிலுக்கு மாவிளக்குப் போடப் போனாள். வீட்டில் நான் மட்டும். ஜன்னலுக்குக் கீழே, சிமெண்டுத் தரையில், மெஷினின் இரும்புக் கால் அழுந்தி நான்கு பள்ளம் விழுந்திருந்தது. ஐப்பசியிலிருந்து நாம் எல்லோரும் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தோம். ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தேன். பள்ளம் தேய்த்தால் போகுமா?

சமையல் அறையிலிருந்து அகலமான பழைய அரிசி டின்னை இழுத்துவந்தேன். பாதிதான் அரிசி இருந்தது, ஆனாலும் கால் முழுசாகக் கூடாததால் நடுவில் இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது. நான்கு பள்ளமும் மறைகிற மாதிரி அதை ஜன்னலுக்குக் கீழே வைத்தேன். ஒரு பள்ளம் மட்டும் ஓரமாகத் தெரிந்தது. டின்னை இன்னும் கொஞ்சம் தள்ளி, அதையும் மூடினேன்.