ஓட்டக்காரி ஓடாத நாள்

எதிர் வீட்டுத் தையல்காரிக்கு இன்று வரை தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கல் குவாரியில் வெடி வைத்து வீடுகள் குலுங்கும்போதெல்லாம், ஊசிக்காரரின் மனைவி தெருவுக்கு ஓடி வந்ததும், முதலில் தையல்காரி வீட்டு முன்னறைக்குள் நுழைந்து தொட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள். தையல்காரியோ பின்னறையில் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பாள். அந்தக் கடகடப்பில் பூமியே பிளந்தாலும் அவளுக்கு உறைக்காது. அவள் வந்து கேட்டால், “சிணுங்கினான், காத்தாடத் தூக்கிட்டு வந்தேன்” என்று இவள் பிள்ளையைக் கொடுத்துவிடுவாள். செய்த நன்மையைச் சொல்லிக் காட்டினால் ஆண்டவன் கணக்கில் சேராது என்பது இவள் எண்ணம்.

ஊசிக்காரர் என்பது தெரு வைத்த பெயர். ஊருக்கு வெளியே பாறைமேல் கட்டிய நிலநடுக்க நிலையத்தில் அவருக்கு வேலை. உருளையில் காகிதம் சுற்ற வேண்டும், மை ஊற்ற வேண்டும், ஊசி கிறுக்கிய காகிதத்தைக் கழற்றி மேலே கொடுக்க வேண்டும். மனைவிக்கும் தெரு ஒரு பெயர் வைத்திருந்தது: ஓட்டக்காரி.

“அண்ணே, லாரி போனாக்கூட அக்கா தெருவுல வந்து நிக்கறாங்க. பூமி ஆபீஸ்காரர் வீட்டுலயே இப்படின்னா நாங்கல்லாம் மரத்துலதான் குடியிருக்கணும்!”

தையல்காரி சொல்ல, தெருவே சிரித்தது. ஊசிக்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்று சாயங்காலம், கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்த மனைவியிடம் போய் நின்றார்.

“இங்க பாரு. நிக்கிற ரயில்ல பின்னாடி எஞ்சின் வந்து இடிச்சா, அந்தத் தள்ளு பெட்டிக்குப் பெட்டி ஓடுமில்ல? பூமிக்குள்ள முதல்ல வர்ற அலை அப்படி. வேகமா வந்து ஒரு தட்டு தட்டும்.” கொடிக்கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்து உதறினார். நெளிவு மறுமுனை வரை ஓடியது. “இது ரெண்டாவது. மெதுவா வரும். வீட்டைப் பிடிச்சு அப்படியும் இப்படியும் ஆட்டும். சுவரைச் சாய்க்கிறது இதுதான்.”

“ரெண்டும் ஒண்ணாத்தான் கிளம்புமா?”

“ஒண்ணாத்தான். தூரம் கூடக் கூட நடுவுல இடைவெளி கூடும்.”

“அப்போ முதல்ல வர்றது மாமனாருன்னு சொல்லுங்க. கதவைத் தட்டி ஒரு செருமல், அதோட சரி. பின்னால அசைஞ்சு வர்றவங்க மாமியார். வீட்டையே ஒரு ஆட்டு ஆட்டிடுவாங்க!”

அவரும் சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு சொன்னார்: “குவாரி வெடியில மாமனார் மட்டும்தான் பெரிசா வருவார். பாறையும் பாறையும் பிடிச்சிருந்த பிடியை விட்டு நழுவினாத்தான் மாமியார் கனமா வருவாங்க. அதனால தட்டினதும் ஓடாத. சுவத்துல கை வச்சுப் பாரு. ஆட்டம் வந்தா ஓடு.”

சொன்னதில் பொய் இல்லை. நிலையத்தில் அவர்கள் செய்வதும் அதுதான். ஊசி துள்ளியதும் பெயர் வைத்துவிட மாட்டார்கள். அடுத்தது வருகிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் நிலையம் பாறைமேல் நின்றது. வீடோ, சும்மாவே அதிர்வைப் பெருக்கிக் காட்டும் ஆற்று மணல்மேல், பழைய செங்கல் சுவரை நம்பி நின்றது. காகிதம் காத்திருக்கலாம், அதன்மேல் எந்தச் சுவரும் விழாது. அவர் அதை யோசிக்கவில்லை.

அதன்பின் அவள் ஓடவில்லை. வெடித்தால் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். தொட்டில் பக்கமும் போகவில்லை. போனால் தெரு சிரிக்கும், அந்தச் சிரிப்பு புருஷனைச் சுடும்.

ஒருநாள், வெடி வைக்கும் உச்சி வேளையிலேயே அது வந்தது. ஊசி துள்ளியதும் ஊசிக்காரரே “குவாரி” என்று முணுமுணுத்தார். கொஞ்ச நேரம்தான். ஊசி காகிதத்தின் இரண்டு ஓரங்களையும் தாண்டி அடித்தது. எழுந்து ஓடியவர்கள் வாசலைத் தாண்ட, இரண்டு அலைக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளி போதும்; காத்திருந்தவர்களுக்குப் போதாது. ஊசிக்காரர் செருப்பைக்கூடத் தேடாமல் வீட்டுக்கு ஓடினார்.

தெருவில் தையல்காரி பிள்ளையை இடுக்கிக்கொண்டு நின்றாள். பொத்தான் தைக்க வெளிச்சம் தேடி, பிள்ளையோடு வாசலில் உட்கார்ந்திருந்ததால் பிழைத்தாள். ஆண்டவன் யாருக்கு எந்த வழியை விடுகிறான் என்பது நமக்கு எட்டுவதில்லை.

“ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் ஓடி வந்தவங்க, இன்னைக்கு ஏண்ணே வரலை?” என்று அவள் அலறினாள்.

சமையலறைச் சுவரை ஆட்கள் புரட்டினார்கள். அடுப்பு அணைந்திருந்தது, அவளே அணைத்திருந்தாள். வலது கை விரித்தபடி செங்கல்மேல் ஒட்டியிருந்தது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள், “உங்க மெஷின் முன்னாடியே சொல்லாதா?” என்று கேட்டார்கள்.

“அது நடந்ததை எழுதும். வரப்போறதைச் சொல்லாது.”

இப்போதும் காகிதம் சுற்றுகிறார், மை ஊற்றுகிறார். குவாரியிலும் வெடி நிற்கவில்லை.

சுவர் விழுந்த அன்று காலையில் சாப்பாட்டுத் தூக்கை அவள் நீட்டியபோது, “இன்னைக்குப் பெரிய வெடியாம். பயந்துடாத” என்று அவர்தான் சொன்னார்.

அவள் சிரித்தாள். “நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க. மாமனார் தட்டினா அசைய மாட்டேன், மாமியார் வந்தாத்தான் ஓடுவேன். உங்க மானம் என் கையில பத்திரமா இருக்கு.”