தமிழில் பத்து வரி

சேஃப்டி கமிட்டித் தேர்தலுக்கு மனு வாங்கிய முதல் நாளே சாந்தம்மாவின் மனுவைத் தள்ளிவிட்டேன். 'தமிழில் பத்து வரி பிழையில்லாமல் படிக்க வேண்டும்' என்ற விதியை எழுதியவனும் நான்தான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பர்சனல் பிரிவில் இருந்தேன். கூட்டக் குறிப்பான மினிட்ஸைப் படிக்கத் தெரியாதவர் கமிட்டியில் என்ன செய்வார் என்பது என் நியாயம். பழைய மெம்பர்களுக்கு மட்டும் பரீட்சை கிடையாது. அதை மரியாதை என்று நினைத்தேன்.

சாந்தம்மா பாகலூர்க்காரர், எங்கள் பிரஸ் ஷாப்பில் தொழிலாளி. தமிழும் தெலுங்கும் பேசுவார், படித்தது கன்னடம். தகட்டை வெட்டும் பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் டை என்ற கனத்த அச்சு இறங்கும். டார்கெட்டுக்காக ஒரு பட்டனை டேப் போட்டு அழுத்தி வைப்பது அங்கே வழக்கமாகிவிட்டது; அப்போது ஒரு கை டைக்கு அடியில் மாட்டிக்கொள்ளலாம். அதை நிறுத்தத்தான் அவர் தேர்தலில் நின்றார்.

"மிஷினு கைய நசுக்கறப்ப, தமிழு படிப்பியா கன்னடம் படிப்பியான்னு கேக்குமா சார்?" என்றார்.

ரூல் ரூல்தான் என்று அனுப்பிவிட்டேன்.

அந்த வாரம் அமெரிக்கக் கஸ்டமரிடமிருந்து ஆடிட்டுக்கு வந்தவர் மார்கஸ், கறுப்பினத்தவர். பலகையில் நான் ஒட்டியிருந்த தேர்தல் நோட்டீஸில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பெருமையாக விளக்கினேன். அவர் முகம் மாறியது. அவருடைய தாத்தாவின் ஊரில் கறுப்பர்கள் வாக்காளராகப் பதியப் போனால் சட்டத்தில் ஒரு பத்தியைப் படித்து விளக்கச் சொல்வார்களாம். வெள்ளையருக்குச் சுலபமான பத்தி, கறுப்பருக்கு வக்கீலே திணறும் பத்தி. அதற்கும் முந்தைய காலத்தில், ஒருவருடைய தாத்தா ஓட்டுப் போட்டவராக இருந்தால் பேரனுக்குப் பரீட்சையே இல்லையாம். அடிமையின் பேரன் எங்கே போவான்? ஓட்டு இல்லாததால் ஊர்ப் போலீஸ் தலைவரான ஷெரீஃப், கோர்ட்டில் தீர்ப்புச் சொல்லும் ஜூரி, பள்ளிக்கூட போர்டு எதிலும் கறுப்பர் யாரும் இல்லை.

"அந்த விதியில் கறுப்பர் என்ற சொல்லே கிடையாது. உங்கள் நோட்டீஸிலும் யார் பெயரும் இல்லை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பழைய மெம்பர்கள் எல்லாருமே தமிழ் படித்தவர்கள். டேப் ஒட்டச் சொன்ன லைன் லீடர்களும் அவர்களேதான். தன் முதுகு தனக்குத் தெரியாது.

மேனேஜரிடம் ஓடி, அந்த விதியை எடுத்துவிடலாம் என்றேன். "நீங்கதானே எழுதினீங்க?" என்றார்.

"ஆமா சார். தப்பா எழுதிட்டேன்."

விதி போனது. மினிட்ஸை மூன்று மொழியிலும் வாசித்துச் சொல்வது என் வேலையானது. சாந்தம்மா ஜெயித்தார். டேப்பை எடுக்கும் முதல் தீர்மானத்தில் கன்னடத்தில் கையெழுத்துப் போட்டார்.

விதி எழுதும் இளைஞர்களே, எழுதி முடித்ததும் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். எனக்கு அதைக் காட்டிய இருவருக்கும் நான் காலமெல்லாம் நன்றி சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற அன்று பிரஸ் ஷாப்பில் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தேன். எல்லாக் கையிலும் ஐந்து விரல்களும் இருந்தன.